ஹார்ட்போர்டும் லிப்ஸ்டிக் குழாயும்

என்னிடம் உள்ள கிட்டார்களில் நான் அதிகம் எடுத்து வாசிப்பது 1960-களின் முற்பகுதியில் வந்த சில்வர்டோன் என்ற மலிவு விலை அமெரிக்கக் கிட்டார். தந்தியின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் அதன் பிக்கப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். முன்னும் பின்னும் ஹார்ட்போர்டு. அலமாரியின் முதுகுப்புறம் வைத்து அடிக்கிறார்களே, அதே பலகை. இரண்டுக்கும் நடுவில் விலை குறைந்த மரத்தில் ஒரு சட்டம். கழுத்து வந்து சேரும் இடத்திலும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் உட்காரும் இடத்திலும் மட்டும் கெட்டியான கட்டை, மற்ற இடமெல்லாம் வெற்றிடம். வெட்டிய ஓரம் வெளியே தெரியாமலிருக்கச் சுற்றிலும் ஒரு வினைல் பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பட்டை அங்கங்கே சுருங்கி விலகிவிட்டது. கிட்டார் அப்படியே இருக்கிறது.

கழற்றிக் கையில் வைத்திருக்கும் பிக்கப்பும் லேசுப்பட்டதல்ல. அது நிஜமாகவே லிப்ஸ்டிக் குழாய். உதட்டுச்சாயம் அடைத்து விற்பதற்காகச் செய்த, குரோம் பூசிய உலோக உறைகள் இரண்டை எதிரெதிராகச் செருகியிருக்கிறார்கள். உள்ளே ஒரு காந்தப் பட்டை, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி, அதன்மேல் டேப். அவ்வளவுதான். இதிலிருந்து வருகிற ஒலி மணி அடித்தாற்போலத் தெளிவாக, கொஞ்சம் ஒல்லியாக, ஆனால் உயிரோடு இருக்கும். இந்த ஒலிக்காகவே பல மடங்கு விலையுள்ள கிட்டார்களில் இந்தப் பிக்கப்பைப் பொருத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் வாசித்த, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் ஒன்றில் மூன்றுமே லிப்ஸ்டிக் பிக்கப்தான்.

இதையெல்லாம் யோசித்தவர் நேதன் டேனியல். ரேடியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஊறிய எஞ்சினியர். 1947-இல் நியூ ஜெர்சியில் டானெலெக்ட்ரோ கம்பெனியைத் தொடங்கி, சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு போன்ற பெரிய தபால் விற்பனை நிறுவனங்களுக்கு ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர், செய்து கொடுத்துவந்தார். 1954-இல் கிட்டாருக்கு வந்தார். அவற்றை சியர்ஸ் தன் கேட்டலாக்கில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றது. கடைக்கே போகாமல், படத்தைப் பார்த்து, பணம் அனுப்பி, பார்சலில் வரவழைத்துக்கொள்ளும் கிட்டார்.

மலிவான கிட்டார்களைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: கருவி மோசம், ஆனால் வாசித்தவர் திறமைசாலி, அதனால் அதையும் மீறி நல்ல பாட்டு வந்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மீறி வந்ததல்ல, அதனால் வந்தது. நாம் கேட்டு வளர்ந்த ராக், ப்ளூஸ், பங்க் பதிவுகளின் ஒலி அந்தக் கருவிகளின் பொருட்களிலேயே, அவற்றில் எதை விட்டுவிட்டார்கள் என்பதிலேயே இருக்கிறது. அதிலும் எல்லா மலிவும் ஒரே மலிவு இல்லை. எதை விட்டால் ஒலி கெடாது என்று தெரிந்து விட்டவர் ஒரு வகை, எதை விட்டால் வாங்குபவர் கண்டுபிடிக்கமாட்டார் என்று பார்த்து விட்டவர் இன்னொரு வகை.

டேனியல் முதல் வகை. ஹார்ட்போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் மிசிசிப்பி மாநிலம் லாரல் நகரில் வில்லியம் மேசன் கண்டுபிடித்த பலகை அது. மர அறுவை ஆலைகளில் மிஞ்சிய சில்லுகளை அதிக அழுத்த நீராவியில் வைத்துத் திடீரென்று திறந்துவிட்டு, நாராகச் சிதறவைத்து, அந்த நாரைச் சூட்டோடு அழுத்திப் பலகையாக்கினார். இந்தப் பலகைக்கு ரேகை கிடையாது. ரேகை இல்லாததால் ரேகையோடு பிளக்கும் வேலையும் இல்லை. வருடக்கணக்கில் காயவைக்கத் தேவையில்லை. ஒரு பலகை போலவே அடுத்த பலகையும் இருக்கும். ஆயிரக்கணக்கில் கிட்டார் செய்கிறவருக்கு இது எத்தனை பெரிய நிம்மதி! எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப், உடலுக்கு உயர்ந்த மரம் கட்டாயம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விட்டதை மட்டும் சொன்னால் போதாது, விடாததையும் சொல்லவேண்டும். இரைச்சல் புகாமல் தடுக்கும் கவச வேலையில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. உலோகக் குழாய்க்குள் பிக்கப்பை வைத்ததே அந்தக் கவசத்துக்கும் சேர்த்துத்தான். கழுத்து வளையாமலிருக்க உள்ளே எஃகுக் கம்பிகளை வைத்தார். தந்திகள் தலைப்பக்கம் கடந்துபோகும் நட்டை எலும்புக்குப் பதில் அலுமினியத்தில் செய்தார். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளும் உலோகம், நட்டும் உலோகம் என்பதால் விரல் வைக்காத தந்தியும் விரல் வைத்த தந்தியும் ஏறக்குறைய ஒரே குணத்தில் ஒலிக்கும். இரண்டு பிக்கப் உள்ள மாடல்களில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் சேரும்; சத்தம் சட்டென்று ஏறி, ஒலி தடிக்கும். அன்றைய பெரிய கம்பெனிகளின் கிட்டார்களில் பக்கம் பக்கமாகச் சேர்க்கும் இணை இணைப்புதான் வழக்கம், அங்கே இரண்டையும் சேர்த்தால் ஒலி மெலியும். டானெலெக்ட்ரோவில் நடு நிலையில் சுவிட்சை வைத்து பல தந்திகள் சேர்ந்தொலிக்கும் ஒரு கார்டு அடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ராக் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் தன் பேண்டான லெட் செப்பலின் மேடைகளில் கறுப்பு டானெலெக்ட்ரோவை வைத்திருந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். வழக்கமான டியூனிங்கை விட்டு, ‘காஷ்மீர்’ மாதிரி தந்தி இறக்கி வாசிக்கும் பாட்டுகளுக்கு அவர் அதை எடுப்பார். தளர்ந்த தந்தியிலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். பிங்க் ஃபிளாய்டின் ஆரம்ப காலத்தில் சிட் பாரெட் கையிலும் ஒரு டானெலெக்ட்ரோ இருந்தது. கண்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரின் ஸ்டுடியோக்களில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1956-இல் டானெலெக்ட்ரோ ஆறு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தது. வழக்கமான கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஹெரால்ட் பிராட்லி போன்ற ஸ்டுடியோ கலைஞர்கள் நின்று வாசிக்கும் பெரிய பேஸின் சுரங்களையே இதில் உள்ளங்கையால் அமுக்கி, டிக் டிக் என்று கூடவே வாசித்தார்கள். பெரிய பேஸ் உடலைக் கொடுத்தது, இது முனையைக் கொடுத்தது. சின்ன ரேடியோ ஸ்பீக்கரில் கேட்டாலும் பேஸ் போகிற வழி காதில் விழும். அந்தக் காலத்து கண்ட்ரி பதிவுகளின் அடையாளமே அந்த டிக்-டாக் பேஸ்தான்.

சியர்ஸுக்காக டேனியல் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1960-களின் தொடக்கத்தில் வந்த, ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி. கிட்டார் பெட்டியைத் திறந்து நிறுத்தினால் அதுவே ஆம்ப். சின்ன மாடலில் மூன்று வாட், பெரிய மாடலில் ஐந்து வாட், ஒலியை ஏற்றி இறக்கி அதிரவைக்கும் டிரெமலோவும் உண்டு. ஒரு பார்சலில் எல்லாம் வந்துவிடும், தனியாக எதுவும் வாங்கவேண்டாம். அமெரிக்காவில் எத்தனையோ பேருடைய முதல் எலெக்ட்ரிக் கிட்டார் இதுதான். மூன்று வாட் ஆம்ப் என்பது குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினாலே திணறிக் கரகரக்க ஆரம்பிக்கிற ஆம்ப். பெரிய ஆம்ப்பில் அந்தக் கரகரப்பு வர வேண்டுமானால் பக்கத்து வீடு வரை அதிரும். இந்தப் பெட்டியில் படுக்கையறையிலேயே வந்துவிடும். டிஸ்டார்ஷன் என்கிற இந்தக் கரகரப்பைத் தேடிப்போகாமல், முதல் நாளிலிருந்தே அதைக் கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் கிளம்பிய, வீட்டு கராஜில் கூடி வாசித்த கராஜ் பேண்டுகள் ஏன் அப்படி ஒலித்தன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இது எலெக்ட்ரிக் கதை. மலிவு கிட்டாரின் கதை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

ப்ளூஸின் ஆரம்பகாலப் பதிவுகளைக் கேட்பவர்களுக்கு ஸ்டெல்லா என்ற பெயர் தெரிந்திருக்கும். ஜெர்சி சிட்டியில் இருந்த ஆஸ்கார் ஷ்மிட் கம்பெனி செய்த மலிவு கிட்டார். ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியின் பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஸ்டெல்லா. இன்னொரு ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் வில்லி மெக்டெல் வாசித்ததும் அதே பெயரில் வந்த பன்னிரண்டு தந்திதான். அந்தப் பதிவுகளின் ஒலிக்கு ஒரு கட்டுமானக் காரணம் இருக்கிறது. அகௌஸ்டிக் கிட்டாரின் மேல்பலகைக்கு அடியில் மரப்பட்டைகளை ஒட்டித் தாங்குவார்கள். மார்ட்டின் போன்ற உயர்ந்த கம்பெனிகள் அந்தப் பட்டைகளை எக்ஸ் வடிவில் வைத்தன. அப்படி வைத்தால் பலகை முழுவதும் அசையும், கீழ்ச்சுரம் நிறைவாக வரும், ஒலி நீண்டு நிற்கும். ஆனால் அளந்து, செதுக்கி, இழைக்க வேண்டும், கைவேலை அதிகம். மலிவு கிட்டாரில் ஏணிப் படி மாதிரி குறுக்காக நாலைந்து பட்டைகளை ஒட்டிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அதில் ஒலி வேறு மாதிரி வரும். தட்டியவுடன் குபீரென்று எழும், நடு ஸ்தாயி முன்னால் வந்து நிற்கும், உடனே அடங்கிவிடும்.

இந்த உடனே அடங்குவதுதான் விஷயம். கட்டைவிரல் ஒரு தாளத்தை விடாமல் அடிக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கிற ப்ளூஸ் பாணியில், ஒலி நீண்டு நின்றால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். ஏணிப் பட்டை வைத்த கிட்டாரில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். நல்ல மார்ட்டின் ஒன்றில் அதே பாட்டை வாசித்தால் அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கடினம் வராது. லெட் பெல்லி தன் தந்திகளின் சுருதியை மிகவும் தாழ்த்தி வைத்திருப்பார். பெரிய உடல், கீழே போன தந்தி, சீக்கிரம் அடங்கும் பலகை எல்லாம் சேர்ந்து பியானோவின் இடக்கைப் பக்கம் போல ஒரு நடை வரும். இன்று ப்ளூஸ் வாசிப்பவர்களுக்கென்று கிட்டார் செய்யும் கைவினைஞர்கள் சிலர் வேண்டுமென்றே ஏணிப் பட்டை வைத்துச் செய்கிறார்கள், விலையும் நன்றாகவே இருக்கிறது. பொருளாதார மந்தம் வந்த 1930-களில் கிப்சன் கம்பெனியே கலமாஸூ என்ற பெயரில் ஒரு மலிவு வரிசையைக் கொண்டுவந்து, கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராட் கம்பி இல்லாமல், ஏணிப் பட்டையோடு விற்றது. அவற்றையும் ப்ளூஸ்காரர்கள் இன்றுவரை தேடி வாங்குகிறார்கள்.

ஸ்டெல்லா என்ற பெயரை 1939-இல் சிகாகோவின் ஹார்மனி கம்பெனி வாங்கியது. 1892-இல் தொடங்கிய ஹார்மனியை 1916-இலேயே சியர்ஸ் வாங்கியிருந்தது. ஒரே நகரில் ஹார்மனி, கே, வால்கோ என்று மூன்று தொழிற்சாலைகள். மூன்றும் கேட்டலாக் கம்பெனிகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் அவரவர் கேட்ட பெயரை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தன. வால்கோ செய்ததே சூப்ரோ, நேஷனல், ஏர்லைன் என்று பல பெயர்களில் வந்தது. 1959-இல் ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸுக்கு அவர் அப்பா வாங்கிக் கொடுத்த முதல் எலெக்ட்ரிக் ஒரு சூப்ரோ. எரிக் கிளாப்டனின் முதல் எலெக்ட்ரிக் ஒரு கே. பெரிய பெயர்களின் பட்டியல் போட ஆரம்பித்தால் நிற்காது. முதல் கிட்டாராக மட்டும் வைத்திருந்து பிறகு விட்டுவிட்டவர்களைவிட, அதைக்கொண்டே ஒலியை உண்டாக்கியவர்கள்தான் எனக்கு முக்கியம்.

அப்படி ஒருவர் டேவ் டேவீஸ். 1964-இல் அவருடைய பேண்டான கிங்க்ஸ் பதிவு செய்த ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பை அவர் வாசித்தது ஹார்மனி மீட்டியர் என்ற, உடல் உள்ளே பொள்ளலான கிட்டாரில். ஆம்ப்பும் எல்பிக்கோ என்ற சின்ன மலிவு ஆம்ப். அதன் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்துவிட்டு, அந்த ஆம்ப்பின் ஒலியைப் பெரிய வாக்ஸ் ஆம்ப்புக்குள் கொடுத்தார். கிழிந்த காகிதம் படபடக்கிற ஓசைதான் அந்த ரிஃப். பின்னாளில் கன ராக் என்று நாம் அழைக்கும் இசையின் ஆரம்பக் கற்களில் ஒன்றாக அதைச் சொல்லுவார்கள். விலையுயர்ந்த ஆம்ப்பின் ஸ்பீக்கரைக் கிழிக்க யாருக்குக் கை வரும்?

பிரிட்டனில் மலிவு கிட்டார் வளர்ந்ததற்கு அரசாங்க உத்தரவும் ஒரு காரணம். 1950-களில் அமெரிக்கப் பொருட்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது, 1959-இல்தான் தளர்ந்தது. அதுவரை ஃபெண்டரும் கிப்சனும் கடையில் அபூர்வம். அந்த இடத்தை ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, ஹாலந்து கிட்டார்கள் நிரப்பின. ஜான் லெனனுடைய ஆரம்பக் கிட்டார் தென்னாப்பிரிக்காவில் செய்த கேலோடோன் சாம்பியன். பிளந்துபோகாது என்று உத்தரவாதம் தரும் சீட்டு உள்ளே ஒட்டியிருக்கும். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூல் வூல்டனில், தேவாலய விழாவில் அவர் வாசித்ததும், அன்றே பால் மெக்கார்ட்னியைச் சந்தித்ததும் அந்தக் கிட்டாரோடுதான். ஜார்ஜ் ஹாரிசன் 1959-இல் வாங்கிய ஃபியூச்சுரமா செக் நாட்டுக் கிட்டார். மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸை வாங்கியபோது விலை சுமார் 30 பவுண்டு. ஃபெண்டர் பேஸ் சுமார் 100 பவுண்டு, அவரால் முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த உடல் என்பதால் இடக்கைக்குத் திருப்பி வைத்தாலும் கோணலாகத் தெரியாது என்பதும் அவர் சொன்ன காரணம். பொள்ளல் உடல், குட்டைக் கழுத்து, இறகு போன்ற எடை. அந்தக் கழுத்தில் விரல் ஓடும் தூரம் குறைவு. பேஸ் தந்தியில் மெட்டுப் போடும் அவருடைய பழக்கத்துக்கு இந்தக் கருவி கைகொடுத்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

ஜப்பானுக்கு வருவோம். எனக்கு அதிகப் பிரியம் உள்ள பகுதி இது.

டெய்ஸ்கோ கம்பெனி 1946-இல் டோக்கியோவில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் கிட்டார் கலைஞர், இன்னொருவர் மின் எஞ்சினியர். 1960-களில் அவர்கள் கிட்டார்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கா போயின, ஒவ்வொரு இறக்குமதியாளரும் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நாலு பிக்கப், வரிசையாகச் சுவிட்ச், மினுங்கும் தகடு. கேட்டலாக் படத்தில் பார்க்கிற பையனின் கண்ணைப் பறிக்கவேண்டும் என்றே செய்தார்கள். அந்தச் சுவிட்சுகளில் பாதி தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் பிக்கப் வேறு விஷயம். கோல்ட்ஃபாயில் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது. மேலே வேலைப்பாடு வெட்டிய உலோக மூடி, அந்த வெட்டு வழியாகத் தெரியும் தங்க நிறத் தாள். உள்ளே அகலமான, தட்டையான சுருள். ஒவ்வொரு தந்திக்கும் தனி உலோகக் குச்சி கிடையாது, ரப்பர் போன்ற ஒரு காந்தப் பட்டைதான். இது தந்தியின் அசைவை மட்டும் பிடிப்பதில்லை. உடலைத் தட்டினால் அதுவும் கேட்கும், விரல் தந்தியில் உரசுவதும் கேட்கும். இரைச்சல் அதிகமுள்ள மேடையில் இது தொல்லை. அமைதியான அறையில், லேசாகக் கரகரக்கும் சின்ன ஆம்ப்பில், வாசிப்பவரின் கை அப்படியே முன்னால் வந்து நிற்கும். அமெரிக்காவில் ஹார்மனி கிட்டார்களில் வந்த டி ஆர்மண்ட் கோல்ட்ஃபாயில் உள்ளே வேறு அமைப்பு, ஆனால் காதால் கேட்டால் உறவுக்காரர் மாதிரிதான் இருக்கும்.

ஹவுண்ட் டாக் டெய்லர் சிகாகோவின் சின்ன பார்களில் இப்படி ஒரு ஜப்பானிய மலிவு கிட்டாரை வைத்து, விரலில் மாட்டிய குழாயைத் தந்தியின்மேல் வழுக்கி ஸ்லைடு வாசித்தவர். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், பேஸ் கிடையாது. அவரைப் பதிவு செய்ய, தான் வேலை பார்த்த கம்பெனி முன்வராததால் புரூஸ் இக்லாவர் என்ற இளைஞர் 1971-இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸைத் தொடங்கி முதல் ஆல்பமாக அவருடையதை வெளியிட்டார். அந்த ஆல்பத்தை நல்ல ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுக் கேளுங்கள். கிட்டார் ஒலி எங்கே முடிகிறது, ஆம்ப் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. ஸ்லைடுக்கும் மலிவு கிட்டாருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. கழுத்து கொஞ்சம் வளைந்து தந்தி உயர்ந்துவிட்ட கிட்டாரில் விரலை அழுத்தி வாசிப்பது வாதை. ஸ்லைடுக்கு உயர்ந்த தந்திதான் வேண்டும். மற்றவர் ஒதுக்கிவிட்ட கிட்டார் ஸ்லைடு வாசிப்பவருக்குத் தயாராக இருக்கும். ப்ளூஸ் கலைஞர் ஜே. பி. ஹட்டோ வாசித்த சிவப்பு ஏர்லைன் அப்படிப்பட்ட ஒன்று, ஃபைபர்கிளாஸில் வார்த்த உடல். பிறகு ஜாக் ஒயிட் ‘தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ என்ற தன் இருவர் பேண்டில் அதே மாடலை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் கிட்டார் வியாபாரம் தலைகால் புரியாமல் ஓடியது. நாலைந்து வருடத்தில் அதே வேகத்தில் விழுந்தது. ஜப்பான் கிட்டார்களின் விலைக்குச் சிகாகோவால் ஈடுகொடுக்க முடியவில்லை. கேயை வாங்கிய வால்கோ 1968-இல் திவால். 1966-இல் எம்.சி.ஏ. என்ற பொழுதுபோக்கு நிறுவனத்துக்குக் கைமாறிய டானெலெக்ட்ரோ 1969-இல் மூடப்பட்டது. ஹார்மனி 1975 வரை தாக்குப்பிடித்தது. லட்சக்கணக்கான கிட்டார்கள் கட்டிலுக்கடியிலும் அடகுக்கடையிலும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் எடுத்தது. ரமோன்ஸ் என்ற பங்க் பேண்டின் ஜானி ரமோன் 1974-இல் ஐம்பது டாலருக்குச் சற்று மேல் கொடுத்து மோஸ்ரைட் கம்பெனியின் மலிவு மாடல் ஒன்றை வாங்கினார். மேல்நோக்கி அடிக்காமல், கீழ்நோக்கியே அடிக்கும் அவருடைய பாணி அதில் வளர்ந்தது. மோஸ்ரைட்டைப் பார்த்து ஜப்பானில் செய்த நகல்தான் யுனிவாக்ஸ் ஹை-ஃப்ளையர், அதை நிர்வாணா பேண்டின் கர்ட் கோபேன் வாசித்தார். அவர் ‘பாலி’ பாட்டைப் பதிவு செய்தது ஐந்து தந்தி மட்டும் இருந்த ஒரு பழைய ஸ்டெல்லாவில். மந்தமான, கொஞ்சம் சுருதி தள்ளாடுகிற அந்த ஒலி இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நியூயார்க்கில் சோனிக் யூத் என்ற ராக் பேண்ட் செய்தது இன்னும் ஒருபடி மேலே. அவர்களிடம் இருந்த மலிவு கிட்டார்கள் வழக்கமான டியூனிங்கில் நன்றாக ஒலிக்கவில்லை. எந்த டியூனிங்கில் எந்தக் கிட்டார் நன்றாக ஒலிக்கிறது என்று தேடினார்கள். கிடைத்ததும் அந்தக் கிட்டாரை அதற்கென்றே ஒதுக்கி, அதற்கென்றே பாட்டு எழுதினார்கள். 1999-இல் அவர்களுடைய கருவிகள் லாரியோடு களவுபோனபோது சில பாட்டுகளை மறுபடி வாசிக்கவே வழியில்லாமல் போனது. கருவி எதைச் செய்ய மறுக்கிறதோ அதிலிருந்து ஒரு முழு இசைமொழியே பிறந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தக் காலத்து மலிவு கிட்டார்களில் பெரும்பாலானவை வாசிக்க முடியாதவை. தந்தி அரையங்குலம் உயர்ந்து நிற்கும், ஃப்ரெட் தப்பான இடத்தில் இருக்கும், டியூனிங் கீ நழுவும். விரல் வெந்துபோய், தனக்கு இசை வராது என்று முடிவுசெய்து விட்டுப்போன குழந்தைகள் ஏராளமாக இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்றைக்கு வரும் விலை குறைந்த புதுக் கிட்டார்கள், கம்ப்யூட்டர் இயந்திரம் துல்லியமாக அறுத்துக் கொடுப்பவை, வாசிக்கச் சுலபம் என்ற ஒரு விஷயத்தில் அவற்றைவிட எவ்வளவோ மேல். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் பழைய கிட்டாரைத் தேடி அலையவேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்வேன்.

அப்படியும் ஆசைப்பட்டு வாங்கப் போகிறவர்கள் கழுத்தை முதலில் பாருங்கள். மினுக்கம், பிக்கப், சுவிட்ச் எல்லாம் அப்புறம். கிட்டாரை ஒரு கண்ணால் தலைப்பக்கத்திலிருந்து நோக்கி, கழுத்து நேராக இருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எஃகு வைத்து வலுவூட்டிய கழுத்து என்று தலையில் அச்சடித்திருந்தால் உள்ளே திருகிச் சரிசெய்யக்கூடிய டிரஸ் ராட் இல்லை என்று அர்த்தம். வளைந்தது வளைந்ததுதான், சூடேற்றி நிமிர்த்துவது செலவு. போல்ட் போட்டுப் பொருத்திய கழுத்து என்றால் அடியில் ஒரு மெல்லிய சில்லு வைத்துக் கோணத்தை மாற்றிவிடலாம். ஒட்டிய கழுத்து மேலெழும்பியிருந்தால் அதைப் பிரித்து ஒட்டும் கூலி கிட்டார் விலையைத் தாண்டிவிடும். டியூனிங் கீயும் வயரும் மாற்றக்கூடியவை, அதற்குப் பயப்படவேண்டாம். தடித்த தந்தி போடுங்கள். இவை வந்த காலத்தில் மெல்லிய தந்தி புழக்கத்தில் இல்லை. நகரும் பிரிட்ஜ் வைத்த கிட்டாரில் மெல்லிய தந்தி போட்டால் பிரிட்ஜ் இடம்விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய சின்ன ஆம்ப் கூட வந்தால் நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். செலவு குறைக்க, மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் டிரான்ஸ்ஃபார்மரையே விட்டுவிட்ட ஆம்ப்கள் அக்காலத்தில் உண்டு. தந்தியைத் தொட்டவர் கையில் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. தெரிந்த டெக்னீஷியனிடம் காட்டிய பிறகுதான் எதுவும். நான் முதலில் சொன்ன இரண்டாம் வகை மலிவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டில் கழுத்துப் பக்கம் டெய்ஸ்கோ கோல்ட்ஃபாயிலும் பிரிட்ஜ் பக்கம் மடியில் வைத்து வாசிக்கும் வால்கோ லேப் ஸ்டீல் கிட்டாரின் பிக்கப்பும் வைத்து வாசித்தது அருமையான ஒலி. கேட்டவர்கள் அதே ஒலிக்கு ஆசைப்பட்டார்கள், தப்பில்லை. ஆனால் அதற்காகப் பழைய டெய்ஸ்கோக்களை வாங்கி, பிக்கப்பைப் பிடுங்கிக்கொண்டு, உடலைத் தூக்கிப்போடும் வியாபாரம் கிளம்பியது. நல்ல கழுத்தோடு தப்பிப் பிழைத்த கிட்டார்களே குறைவு. அந்தப் பிக்கப்பின் உடல்-தட்டும் குணத்துக்குப் பாதிக் காரணம் அது உட்கார்ந்திருக்கும் லேசான உடல். இப்போது கோல்ட்ஃபாயிலையும் லிப்ஸ்டிக்கையும் புதிதாகவே சுற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். பழையதைக் கலைக்க இனி எந்தத் தேவையும் இல்லை.

டானெலெக்ட்ரோ என்ற பெயர் 1990-களின் பிற்பகுதியில் மறுபடி வந்தது, இன்றும் ஹார்ட்போர்டு வைத்தே சாதாரண விலையில் விற்கிறார்கள். ஹார்மனியும் திரும்பி வந்திருக்கிறது. மிச்சிகனின் கலமாஸூ நகரில், கிப்சன் விட்டுப்போன பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் கையால் செய்யத் தொடங்கினார்கள், விலை மலிவல்ல. வாசித்துப் பார்த்தால் அருமையான கிட்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையில் காசில்லாமல் அந்த ஒலியைத் தேடுகிறவருக்கு நான் டானெலெக்ட்ரோவைத்தான் கைகாட்டுவேன். இரண்டு பிக்கப் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சுவிட்சை நடுவில் வையுங்கள்.